குண்டூசி துளைத்த குடல்வால்

1735-ஆம் ஆண்டு. அந்த டிசம்பர் 6-ஆம் தேதி, லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஹன்வில் ஆண்டர்சன் என்ற 11 வயதுச் சிறுவனை மேசையில் கிடத்தினார்கள். வலது பக்கம் விதைப்பை வரை இறங்கிய குடலிறக்கம். தொடைப் பக்கம் ஆறாத புரைப்புண், ஓயாத கசிவு. கத்தி எடுத்தவர் கிளாடியஸ் அமியாண்ட், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை அறுவை மருத்துவர்.

ஈதர் மயக்கம் வர இன்னும் 111 ஆண்டுகள் இருந்தன. பையன் விழித்தபடியே கிடந்தான். குடலிறக்கப் பையைத் திறந்தால் உள்ளே குடல்வால்! எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. ஊசியைச் சுற்றிக் கல்லாகப் படிவு. அரைமணி நேரம் போராடி அமியாண்ட் குடல்வாலைக் கட்டி அறுத்தார். பையனுக்கு வலி, தனக்குப் பெரும்பாடு என்று அவரே ஒளிக்காமல் எழுதி வைத்தார். பையன் பிழைத்தான். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து இடுப்பில் பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உலகில் பதிவான முதல் குடல்வால் நீக்கம் இதுதான். அமியாண்ட் அதைத் தேடிப் போகவில்லை. குடலிறக்கத்தைச் சரிசெய்யப் போனவர் கையில் அது சிக்கியது. குடல்வால் அழற்சி என்றொரு நோய் உண்டென்று பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் தெளிவாகச் சொன்னதே 1886-இல்தான். தொடை இடுக்குக் குடலிறக்கத்தில் நூற்றுக்கு ஒன்றில்தான் குடல்வால் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. அதற்கு இன்றும் ‘அமியாண்ட் ஹெர்னியா’ என்றே பெயர்.

அமியாண்ட் கட்டிவிட்ட பட்டையின் வாரிசை இன்றும் மெடிக்கல் ஷாப்பில் ‘ஹெர்னியா பெல்ட்’ என்று கேட்டு வாங்கலாம். உருக்காலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடத்தில், சுமை தூக்குகிறவருக்கு அது வேலையை விடாமல் நாளைத் தள்ள ஒரு வழி. ஆனால் பெல்ட் வீக்கத்தை அமுக்கி வைக்கும், அவ்வளவே; ஓட்டையை மூடாது. உள்ளே தள்ளினால் போகாத, தொட்டால் வலிக்கிற வீக்கத்தின் மேல் அதைக் கட்டுவது ஆபத்து.

ஓட்டையை மூட அறுவைதான் வழி; வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளையில் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியும் அதில் ஒன்று. அந்த முறையில் குடல்வாலை முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் கீல் நகர மகப்பேறு மருத்துவர் குர்ட் செம், 1980-இல். அவரை மருத்துவத் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்ய வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கத் தலைவரே கடிதம் எழுதினார். பத்தே ஆண்டில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிட்டார். கோவையில் சி. பழனிவேலு இந்தக் கலையை வளர்த்தெடுத்தார்.

குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியில் இரண்டு பாதைகள். வயிற்றறைக்குள் போகாமல், அதன் உறைச் சவ்வுக்கு வெளியே, ஓட்டையை அடைக்கச் செயற்கை வலை வைப்பது ஒன்று. உள்ளே போய், சவ்வைத் திறந்து, வலை வைத்து மறுபடி மூடுவது இன்னொன்று. அமியாண்ட் ஹெர்னியாவுக்கு இரண்டாவதே தோது என்பேன்: ஓட்டைக்குள் நுழைந்திருப்பது குடலா குடல்வாலா என்று கேமரா நேராகக் காட்டிவிடும். அதை மெல்ல உள்ளே இழுத்துப் பார்க்கலாம்.

முடிவெடுப்பது அதற்குப் பிறகுதான். லொசனாஃப், பாசன் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த வழி இது: குடல்வால் நலமாக இருந்தால் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு வலை வைக்கலாம்; வீங்கிச் சீழ் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, வலை இல்லாமல் தையலால் மூடுவது. சீழ் பட்ட இடத்தில் செயற்கை வலை வைத்தால் கிருமி அதில் குடியேறிவிடும் என்ற பயம்.

தையல் மட்டும் என்றால் குடலிறக்கம் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல். வந்தால் வலைக்காக இன்னொரு அறுவை. இரும்புக் கம்பி சுமக்கிறவருக்கு இரண்டு முறை வேலைநாள்கள் போகும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இந்த உரிமை சட்டப்படி உண்டு, ஒப்பந்தக்காரர் அவர் பெயரைப் பதிந்திருந்தால்.