சீசியமும் சாம்பல்சத்தும்

லத்தீனில் 'கேசியுஸ்' என்றால் சாம்பல் ஓடிய நீலம். பெரும்பாலும் கண்ணின் நிறத்துக்குச் சொன்ன சொல். 1860இல் புன்சனும் கிர்க்காஃபும் ஜெர்மனியின் டூர்க்ஹைம் ஊற்றுநீரைக் காய்ச்சி, எஞ்சிய உப்பைச் சுடரில் காட்டினார்கள். நிறமாலையில் அதுவரை யாரும் காணாத இரு நீலக்கோடுகள் தெரிந்தன. அந்த நிறமே தனிமத்தின் பெயராயிற்று. ஆங்கிலத்தின் வழியே வந்ததால் நமக்குச் 'சீசியம்'. சில கிராம் சீசிய உப்புக்கு 40 டன்னுக்கும் மேல் நீரை வற்றவைக்க வேண்டியிருந்தது.

ஊற்றில் இருந்தது கேடில்லாத சீசியம்-133. நாம் அஞ்சும் கதிர்வீசும் சீசியம்-137 அணுப்பிளவில் பிறப்பது; அரையாயுள் 30 ஆண்டு. 1980 வரை காற்றுவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் அதை உலகெங்கும் தூவிவிட்டன.

தரையில் விழுந்தபின் அதன் போக்கை நிறப்பெயர் சொல்லாது. நம் உழவர் சொல் சொல்லும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மூன்றாவது பொட்டாசியம். விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்து எடுத்த உப்பு என்பதால் வந்த பெயர். அதன் குறியீடான 'கே'யும் செடிச்சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லின் வழியே வந்ததுதான். சீசியம் அதே குடும்பம். சாம்பல்சத்துக்குத் திறக்கும் வழியிலேயே அது வேருக்குள் நுழைகிறது. சாம்பல்சத்துக் குறைந்த மண்ணில் செடி சீசியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமா வயல்களில் பொட்டாஷ் உரம் இட்டு நெல்லைக் காத்தது இதனால்தான்.

களிமண்ணில் கதை வேறு. இல்லைட் போன்ற களித்தாதுக்களின் அடுக்கு விளிம்பில் பொட்டாசியம் அமரும் இடுக்கில் சீசியம் சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் மேல்மண்ணிலேயே கிடக்கும். மணலிலும் இலைமக்கிலும் அந்தப் பிடி இல்லை. செர்னோபில் காடுகளில் அது சருகு, காளான், மரம் என்று இன்றும் சுற்றிவருகிறது.

சீசியம் தங்கும் சேறு நம்மவர் வாழும் இடத்தருகேயும் உண்டு. மும்பையின் செம்பூர்த் தமிழருக்குத் தாணே கடற்கழி தெரியும். மான்கூர்ட் தாண்டி வாஷிப் பாலத்தில் ரயில் போகும்போது கீழே விரியும் சேறும் அலையாத்தியும் அதுதான். அதன் மேற்குக் கரையில் டிராம்பே. அங்கே 1956இல் அப்சரா, 1960இல் சைரஸ் என்ற அணு ஆய்வு உலைகள் இயங்கத் தொடங்கின. சுத்திகரித்த குறைகதிர்க் கழிவுநீர் அந்தக் கடற்கழியில் விடப்படுகிறது. கழியின் வண்டலில் சீசியம்-137ஐ ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். உப்புநீரில் சோடியமும் பொட்டாசியமும் போட்டியிடுவதால், சீசியம் நன்னீரில் ஒட்டும் அளவுக்குச் சேற்றில் ஒட்டாது. ஆனாலும் ஒட்டியது தங்கும். ஆகவே ஒரு குடம் நீரைவிட ஒரு பிடி சேறு நெடுநாள் கணக்கைச் சொல்லும்.

அந்தக் கணக்கு ஆய்விதழ்களோடு நின்றுவிடக்கூடாது. டிராம்பே கோளிவாடா மீனவருக்கு மராத்தியிலும், செம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் கிடைக்கவேண்டும். தமிழ்ப் பாடநூலில் சீசியத்தை அறிமுகப்படுத்துவோர் நீலக்கோட்டோடு நிறுத்தாமல், சாம்பல்சத்தின் உறவு என்று ஒரு வரி சேர்க்கட்டும்.