வாய் திறவாப் பிள்ளைகளும் ஒரு வழக்கும்

மத்திய அரசுப் பணியில் இருப்போர்க்கு மாற்றல் ஆணை புதியதன்று. மூட்டை முடிச்சுகளைக் கட்டுவதும், புதிய ஊரில் வாடகைக்கு வீடு பிடிப்பதும், பேச்சுப் புரியாத கடைத்தெருவில் விரலைக் காட்டிக் காய்கறி வாங்குவதும் நம்மில் பலர்க்குப் பழகிப்போன செயல்கள். ஆயினும், எத்தனை முறை மாறினாலும் பழகாத ஒன்றுண்டு. புதிய பள்ளியில் பிள்ளையை முதல் நாள் விட்டுவிட்டுத் திரும்பி நடப்பதே அது.

நாங்கள் வடக்கே வந்த ஆண்டில் எங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது; ஆசிரியை அதனை இந்தியில் விளக்கினார். அவனுக்கோ இரண்டும் தெரியா. சில வாரங்கள் கழித்து எங்களை அழைத்த ஆசிரியை, பிள்ளை மந்தமாக இருக்கிறான், வாயே திறப்பதில்லை, வீட்டில் உங்கள் மொழியைப் பேசுவதை நிறுத்திவிடுங்கள் என்றார். அன்போடுதான் சொன்னார். நாங்களும் அதனைத் தலைமேற்கொண்டோம். அன்று மாலை முதல் எங்கள் வீட்டில் தமிழ் நின்றது. அலுவலகக் கோப்பில் எழுதிப் பழகிய ஆங்கிலத்தில், ஏழு வயதுப் பிள்ளையிடம் சோறு வேண்டுமா என்று கேட்டோம். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பள்ளியில் பேசாதிருந்த பிள்ளை வீட்டிலும் பேசாதவனானான். விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்த அவனுடைய பாட்டி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்டபோது நாங்கள் தலைகுனிந்தோம். அன்றிரவே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டோம்.

அந்நாளில் எழுந்த கேள்வியொன்று மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. பள்ளியின் மொழி தெரியாத பிள்ளைக்கு அம்மொழியைக் கற்பிக்கும் கடமை யாருடையது? பெற்றோருடையதா, பிள்ளையினுடையதா, பள்ளியினுடையதா? இக்கேள்வியை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே எடுத்து ஆராய்ந்த வரலாறு உண்டு. புலம்பெயர்ந்து வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

சான்பிரான்சிஸ்கோவில் சீனர்

அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் அமைந்த சான்பிரான்சிஸ்கோ நகருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே சீனர் வரலாயினர். தங்கம் தேடி வந்தோரும், இருப்புப்பாதை அமைக்க உழைத்தோரும் அவருள் அடங்குவர். உழைப்பு வேண்டியிருந்தது, உழைத்தவர் வேண்டப்படவில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. அத்தடை 1943 வரை நீடித்தது.

பள்ளிக் கதவும் அவ்வாறே அடைபட்டது. 1884-இல் மேமி டேப் என்னும் சீனச் சிறுமியைச் சேர்த்துக்கொள்ள ஒரு பொதுப்பள்ளி மறுத்தது. அக்குடும்பம் ஆங்கிலம் பேசும் குடும்பம். ஆகவே தடையாக நின்றது மொழியன்று, இனமே. 1885-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சிறுமியின் பக்கம் தீர்ப்பளித்தது. உடனே மாநிலச் சட்டமன்றம் சீனர்க்குத் தனிப்பள்ளி அமைக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றி, அவ்வெற்றியைப் பயனற்றதாக்கிவிட்டது.

1965-இல் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டபின் ஆசிய நாடுகளிலிருந்து புதிய குடும்பங்கள் பெருகி வந்தன. இம்முறை பள்ளிக் கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் உள்ளே சென்று அமர்ந்தனர். அங்கே நடந்தது மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை.

வழக்கு

ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் 2,856 பேர் அந்நகரப் பள்ளிகளில் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர்க்கே ஆங்கிலத்தில் தனிப்பயிற்சி கிடைத்தது. ஏனைய 1,800 பேர்க்கும் மேற்பட்டோர் எவ்வித உதவியுமின்றி மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தனர். ஆறு வயது முதல் பதினாறு வயது வரை பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்றது மாநிலச் சட்டம். ஆங்கிலத்தில் தேர்ச்சியின்றிப் பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லை என்றும் அதே சட்டம் கூறியது.

1970-இல் இப்பிள்ளைகளின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ என்று அது வழங்கப்பெறும். லாவ் என்பது வழக்குத் தொடுத்த மாணவருள் ஒருவரின் குடும்பப்பெயர். நிக்கல்ஸ் நகரக் கல்விக்குழுவின் தலைவர்.

பள்ளி நிருவாகத்தின் வாதம் எளியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டடம், ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர். எவர்க்கும் எதனையும் நாங்கள் மறுக்கவில்லை என்றது. கீழ்நீதிமன்றம் அதனை ஏற்றது. 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பச் சூழலால் வந்த நிறைகுறைகளோடுதான் பள்ளிக்கு வருகிறது, அவை பள்ளி உண்டாக்கியவை அல்ல என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து. நம் ஆசிரியை சொன்னதும் இதுவே அன்றோ? குறை வீட்டில் இருக்கிறது, வீட்டில் திருத்திக்கொள்க என்பதுதானே!

1974 ஜனவரி 21-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை மாற்றியது. நீதிபதிகள் அனைவரும் முடிவில் ஒன்றுபட்டனர். தீர்ப்புரையை எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். ஒரே வசதியையும் ஒரே நூலையும் கொடுத்துவிட்டதனாலேயே சமமாக நடத்தியதாகிவிடாது என்பது அவர் எழுதியதன் சாரம். ஆங்கிலத்தைக் கற்பிப்பதே பொதுப்பள்ளியின் தலையாய பணி. அப்படியிருக்க, அதனை முன்பே அறிந்து வந்தால்தான் பாடம் விளங்கும் என்பது கல்வியையே கேலிக்குள்ளாக்குவது என்று அவர் கண்டார்.

இத்தீர்ப்பு அரசியலமைப்பின் சமவுரிமைக் கூற்றின்மீது எழுந்ததன்று. அரசின் பணத்தைப் பெறும் எந்நிறுவனமும் இனம், நிறம், பிறந்த நாடு என்பவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்னும் 1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டமே அதன் அடித்தளம்.

தீர்ப்புக்குப் பின்

எவ்வழியில் உதவ வேண்டும் என்பதை நீதிமன்றம் வரையறுக்கவில்லை. ஆங்கிலத்தைத் தனியே கற்பிப்பது ஒரு வழி, சீன மொழியிலேயே பாடம் நடத்துவது இன்னொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று கூறி நிறுத்திக்கொண்டது. நீதிபதி பிளாக்மன் வேறொன்றையும் எழுதினார். 1,800 பேர் என்னும் எண்ணிக்கையே தமக்கு முதன்மையானது. ஒரே ஒரு பிள்ளையாக இருந்தால் தாம் இத்தீர்ப்பை அப்படியே பொருத்தமாட்டார் என்றார். வகுப்பில் ஒரே தமிழ்ப்பிள்ளையாக அமர்ந்திருந்த நம் மகனை நினைத்து, அவ்விடத்தில் நாம் சற்று நின்றுதான் மேலே படித்தோம்.

அதே 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தை இயற்றிற்று. மொழித்தடையை நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்காத பள்ளி, கல்வியை மறுத்த பள்ளியே என்றது அச்சட்டம். 1981-இல், டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி மாவட்டமொன்றைப் பற்றிய ‘காஸ்டனேடா’ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று வினாக்களை வகுத்தது. பள்ளி கைக்கொண்ட முறை அறிஞர் ஏற்கும் கொள்கையில் அமைந்ததா? அதற்கு வேண்டிய ஆசிரியரும் நூலும் உண்மையில் தரப்பட்டனவா? சிலகாலம் நடத்திப் பார்த்தபின் பிள்ளைகள் பயன்பெற்றனரா? அலுவலகத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்திருக்கிறோம். மூன்றாவது வினாவைக் கேட்ட சுற்றறிக்கை ஒன்றையேனும் கண்டதாக நினைவில்லை.

பயணம் அதன்பின் நேர்வழியில் செல்லவில்லை. 1998-இல் கலிபோர்னிய வாக்காளர் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தினர். 2016-இல் அதே மாநில வாக்காளர் அக்கட்டுப்பாட்டை நீக்கினர். 2001-இல் உச்ச நீதிமன்றம் அளித்த வேறொரு தீர்ப்பு, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனிமனிதர் வழக்குத் தொடுக்கும் பாதையைக் குறுக்கியது. உரிமை என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

நீதிமன்றம் சொல்லாது விட்டதை ஆசிரியர்கள் தம் பட்டறிவால் கண்டனர். 1963-இலேயே மயாமி நகரின் கோரல் வே தொடக்கப்பள்ளியில், கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் இரு மொழிகளிலும் கற்றனர். அங்கே புதிதாய் வந்தவன் மட்டும் கற்பவனல்லன். முன்பே இருந்தவனும் கற்பவன்.

இருமொழி ஆசிரியர் கிடைக்காத வகுப்பிலும் செய்யத்தக்கவை பல. பாடத்தைத் தொடங்குமுன் அதன் முதன்மைச் சொற்களைப் படத்தோடும் பொருளோடும் காட்டலாம். அதே மொழி பேசும் மூத்த மாணவனை அருகில் அமர்த்தலாம். முதலில் தன் மொழியில் எழுதி, பின்னர்ப் பள்ளி மொழிக்கு மாற்ற விடலாம். எல்லாவற்றினும் மேலாக, புதிய மொழியைக் கேட்டுக்கேட்டு உள்வாங்கும் காலத்தில் பிள்ளை பேசாதிருப்பது இயல்பு என்பதை உணரலாம். அம்மௌனம் மந்தம் அன்று. தாய்மொழியில் எண்ணவும் படிக்கவும் அறிந்த பிள்ளை, அத்திறனைப் புதிய மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. வீட்டில் தமிழை நிறுத்தியபோது நாங்கள் பிள்ளைக்கு வழி திறக்கவில்லை; அவன் நின்றுகொண்டிருந்த படியைப் பிடுங்கினோம்.

நமக்குரிய பாடம்

மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்வி வசதி அளிக்க அரசுகள் முயலவேண்டும் என, 1956-இல் சேர்க்கப்பெற்ற 350ஏ பிரிவின் வாயிலாக நம் அரசியலமைப்பும் கூறுகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும், மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும் நம்மவர்க்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அத்தகைய பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. வேற்றுமொழி வகுப்பில் உட்காரும் நம் பிள்ளைக்கு அங்கேயே கைகொடுப்பதைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, செங்கற்சூளையில் வேலை செய்யும் ஒடியாக் குடும்பத்துப் பிள்ளையொன்று நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக் கண்டோம். “ஒண்ணும் ஏறாது சார், அது சும்மா உட்கார்ந்திருக்கும்” என்றார் உடனிருந்தவர். நம் மகனைப் பற்றி நாம் கேட்ட அதே சொல், இம்முறை நம் மொழியில் வந்தது. நமக்கு வேண்டும் என்று கேட்கும் நீதியை நம் ஊரில் வந்தமர்ந்த பிள்ளைக்கும் தரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகிறோம். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இவ்வூர்ப் பள்ளிகளில் தேறிய நம் மூத்த பிள்ளைகள், புதிதாய் மாற்றலாகி வந்த குடும்பத்துச் சிறுவர்க்கு அவ்வாரப் பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். செலவு சிறிது, ஒரு கரும்பலகையும் இரண்டு பாயும் போதும். எங்கள் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். முதல் வகுப்பைத் தானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.