விசுக்கோத்தும் வணிகப் பெயரும்: ஒரு பண்டத்தின் சமூக வரலாறு

அன்றாட நுகர்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை உற்பத்தி செய்த குடும்பங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உழைப்பும் நேர்மையும் மிக்க ஒருவர் சிறு வெதுப்பகமொன்றைத் தொடங்கினார். அவர்தம் வழிவந்தோர் அதனைப் பெருக்கினர் என்பதே அவ்வரலாறுகளின் பொதுவான கதையமைப்பாகும். பொதியிட்ட விசுக்கோத்தின் வரலாற்றையும் இவ்வாறே நோக்கின், அடிப்படையான வினாவொன்று விடையின்றி எஞ்சுகின்றது. தாம் கண்டறியாத கைகள் ஆக்கிய உணவை, பொதியின்மீது பொறித்த பெயரை மாத்திரம் நம்பி மக்கள் உண்ணத் தலைப்பட்டது ஏன்?

விசுக்கோத்து மிகப் பழையது. கடற்படையினரும் மாலுமிகளும் உண்ட கடின விசுக்கோத்துக்கு வணிகப் பெயரெதுவும் தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் றீடிங் நகரில் 1822இல் ஜோசப் ஹன்ற்லி தொடங்கிய கடையும் ஒரு சாதாரண வெதுப்பகமே. 1841இல் ஜோர்ஜ் பாமர் பங்காளியானதும், 1846இல் இயந்திரத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும் நிலைமையை மாற்றின. மாவைப் பிசைதல், தட்டையாக்குதல், வெட்டுதல், சுடுதல் ஆகியன தொடர்ச்சியான ஒரே இயக்கமாயின. புகையிரதப் பாதையும் தகரப் பேணியும் அப்பண்டத்தை உள்ளூர்ச் சந்தையினின்றும் விடுவித்தன. நூற்றாண்டின் இறுதியில் ஹன்ற்லி அன்ட் பாமர்ஸ் 5,000க்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டிருந்தது.

இக்காலத்து ஆங்கிலேய நகரங்களில் உணவுக் கலப்படம் பரவலாயிருந்தமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. இலண்டன் வெதுப்பகங்களில் படிகாரம் கலந்த பாணையும், அதனை இரவு முழுவதும் கண்விழித்துச் சுட்ட தொழிலாளரின் அவலத்தையும், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் அரசாங்க அறிக்கைகளின் துணைகொண்டு எடுத்துக்காட்டினார். அண்டை வீட்டுக் கடைக்காரனையே நம்பவியலாத சூழலில், மூடி முத்திரையிட்ட பேணி தூய்மைக்கு உறுதிமொழியாயிற்று. முதலாளித்துவம் சிதைத்த நம்பிக்கையை முதலாளித்துவமே பெயரிட்டுப் பொதிசெய்து விற்றது எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்போக்கு ஏகபோகத்துடன் இணைந்தது. அங்கு கிறாக்கர்கள் கடைகளிலே பீப்பாய்களில் திறந்த நிலையில் விற்கப்பட்டன. பல நிறுவனங்கள் ஒன்றிணைந்து 1898இல் உருவான நஷனல் பிஸ்கட் கொம்பனி, மெழுகுத்தாள் உட்பொதியுடன் 'யுனீடா' விசுக்கோத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பெருவிளம்பரம் அதற்குத் துணைநின்றது. 1912இல் 'ஓரியோ'வும் 1934இல் 'றிற்ஸ்' கிறாக்கரும் அந்நிறுவனத்தினின்றே தோன்றின.

ஆயின் பெயரின் பின்னாலுள்ள உழைப்பு எப்போதும் மௌனமாயிருந்ததில்லை. கிறீம் கிறாக்கரை 1885இல் டப்ளினில் அறிமுகஞ்செய்த ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் 1911இல் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில், வேலைநிறுத்தஞ் செய்த ஆண் தொழிலாளருக்கு ஆதரவாக வெளியேறினர். றோசி ஹக்கற் அவர்களுள் முன்னின்றவர். அதே ஆண்டில் அயர்லாந்துப் பெண் தொழிலாளர் சங்கமும் உருவாயிற்று. 1913ஆம் ஆண்டுக் கதவடைப்பின்போது, தொழிற்சங்கச் சின்னத்தை அகற்ற மறுத்த பெண்கள் அத்தொழிற்சாலையினின்றும் நீக்கப்பட்டனர். பேணியின்மீது முதலாளியின் பெயர் உலகெங்கும் செல்லலாம். ஆக்கியவளின் ஆடையில் அவளது சங்கத்தின் சின்னம் இருத்தலாகாது! இம்முரண்பாட்டையே நாம் இவ்வரலாற்றின் மையமாகக் கொள்கின்றோம். 1916 ஈஸ்ரர் எழுச்சியின்போது கவிஞரும் பல்கலைக்கழக விரிவுரையாளருமான தோமஸ் மக்டொனா தலைமையிலான படையினர் அத்தொழிற்சாலைக் கட்டடத்தையே கைப்பற்றி நிலைகொண்டிருந்தனர் என்பதும் குறிப்பிடற்பாலது.

குடியேற்ற ஆட்சியின் வழியே இத்தகைய பண்டங்கள் இலங்கைக்கும் வந்தன. 1954இல் மலிபன் நிறுவனமும், 1968இல் 'மஞ்சி' விசுக்கோத்தை ஆக்கும் சிலோன் பிஸ்கட்ஸ் நிறுவனமும் தோன்றியமை தேசிய முதலாளித்துவத்தின் வளர்ச்சியைக் காட்டுவன. எனினும், டப்ளினில் உருவான கிறீம் கிறாக்கரும், 1874இல் இரஷ்ய இளவரசி மரியாவுக்கும் எடின்பரோ கோமகனுக்கும் நிகழ்ந்த திருமணத்தை நினைவுகூர்ந்து இலண்டன் பீக் பிறீன் நிறுவனம் ஆக்கிய 'மாறி' விசுக்கோத்தும் பெயர் மாறாது உள்நாட்டுப் பண்டங்களாயின. நோயாளியைக் காணச் செல்வோர் கையிலும், தேநீர்க் கடைக் கண்ணாடிப் போத்தலிலும் அவை நமது பண்பாட்டின் பகுதியாகிவிட்டன. ஆயினும் கோதுமை இங்கு விளைவதன்று. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னரும், அரைக்கப்படும் தானியம் கப்பலிலேயே வந்திறங்குகின்றது. பொதியின் பெயர் தேசியமாயினும் மூலப்பொருள் உலகச் சந்தையையே சார்ந்துள்ளது.

ஆகவே வணிகப் பெயர் என்பது வெறும் அடையாளமன்று. அது சமூக உறவுகளை மறைக்கும் ஒரு பனுவலுமாகும். இலக்கியப் பனுவலின் மௌனங்களை ஆராயும் நாம், பேணியின்மீதுள்ள எழுத்தையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும். அதில் முதலாளியின் பெயர் உண்டு, நிறை உண்டு, விலை உண்டு. விடுபட்டிருப்பது உழைத்தோரின் பெயரே. நிறுவனங்களின் ஆண்டு மலர்கள் கூறாத அவ்வரலாற்றைத் தொழிற்சங்க ஏடுகளிலும் தொழிலாளரின் வாய்மொழியிலும் தேடித் தொகுப்பது ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.