நரம்பும் கம்பியும்: காலக் கருவி ஒலிப்பதிவுகளும் தமிழர் வயலின் வரலாறும்

முன்னுரை

இசை வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல், அவ்வரலாற்றின் பொருளாகிய ஒலி எஞ்சி நிற்பதில்லை என்பதாகும். கல்வெட்டு கல்லில் நிற்கும். செப்பேடு செம்பில் நிற்கும். ஏடு படியெடுக்கப்பட்டு வாழும். பாடியவரின் குரலும் வாசித்தவரின் வில்லோசையும் எழுந்த கணத்திலேயே மறைந்துவிடுகின்றன. 1877இல் எடிசன் ஒலிப்பதிவுப் பொறியை உருவாக்கும் வரை இந்நிலையே நீடித்தது. அதற்கு முற்பட்ட இசையை அறிய நமக்குக் கிடைப்பவை நான்கு வகைச் சான்றுகளே: சுரக்குறிப்புகள், எஞ்சியுள்ள கருவிகள், எழுத்துப் பதிவுகள், வழிவழியாக வந்த பயிற்சிமுறை.

இந்நான்கையும் கொண்டு மறைந்த ஒலியை மீட்டெடுக்கும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெரும் இயக்கமாக வளர்ந்தது. பரோக் காலத்து வயலின் சொனாட்டாக்களை அக்காலக் கருவிகளிலேயே வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவுகள் அவ்வியக்கத்தின் விளைவுகளாகும். அப்பதிவுகளின் சுவையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை ஒரு வரலாற்று ஆய்வுமுறையாகக் கொண்டு, தமிழர் வயலின் வரலாற்றை எழுதுவோர்க்கு அவை கற்பிப்பது யாது என்பதையே இங்கு நாம் ஆராய்கிறோம்.

பரோக் சொனாட்டாக்களும் காலக் கருவிகளும்

ஐரோப்பிய இசையில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலம் பரோக் காலம் எனப்படும். வயலின் தனக்கெனத் தனி இலக்கியம் பெற்றது இக்காலத்தில்தான். கொரெல்லியின் பன்னிரண்டு சொனாட்டாக்கள் அடங்கிய ஐந்தாம் தொகுதி 1700இல் உரோமையில் வெளிவந்தது. பாக் இயற்றிய தனி வயலினுக்கான ஆறு படைப்புகளின் கையெழுத்துப்படி 1720ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இப்படைப்புகள் தோன்றிய காலத்து வயலின் இன்றைய வயலினன்று. அதன் தந்திகள் விலங்கின் குடலால் முறுக்கப்பட்டவை. கழுத்தின் சாய்வு குறைவு, விரற்பலகை குட்டையானது, வில்லின் தண்டு வெளிநோக்கி வளைந்தது. முகவாய்க்கட்டையை ஜெர்மானிய வயலின் கலைஞர் ஸ்போர் 1820ஆம் ஆண்டளவில்தான் உருவாக்கினார். பேரரங்குகளில் உரத்த ஒலி வேண்டப்பட்டமையால், 1800ஆம் ஆண்டினை ஒட்டிப் பழைய கருவிகளும் மாற்றப்பட்டன. 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களுள் பெரும்பாலானவை பின்னர்த் திறக்கப்பட்டுக் கழுத்து மாற்றப்பட்டவையே. ஆகவே பழைய கருவி கையில் இருந்தும் பழைய ஒலி கையில் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் ஆர்னால்டு டோல்மெட்ச் முன்னோடி. அவர் 1915இல் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இசையின் வாசிப்புமுறை குறித்து நூல் வெளியிட்டார். 1953இல் வியன்னாவில் ஹார்னன்கூர்ட் காலக் கருவிக் குழு ஒன்றை நிறுவினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த சிகிஸ்வால்ட் குயிக்கன், 1969ஆம் ஆண்டளவில் முகவாயால் அழுத்திப் பிடிக்காமல் வாசிக்கும் பழைய முறையை மீண்டும் கையாண்டார். ரைன்ஹார்ட் கோபெல், ஆண்ட்ரூ மான்சி, ரேச்சல் போட்ஜர் முதலியோரின் ஒலிப்பதிவுகள் இவ்வழியில் வந்தவை. அவற்றுட் பல, இன்றைய பொதுச் சுருதியாகிய 440 அதிர்வுக்குப் பதிலாக, ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்த 415 அதிர்வில் அமைந்துள்ளன.

இவ்வியக்கம் மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. இசை வரலாற்றறிஞர் ரிச்சர்டு தாரஸ்கின் 1995இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், பழைய ஒலி என்று நமக்கு வழங்கப்படுவது உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் சுவையே என வாதிட்டார். இவ்வாதத்தின் வலிமையைக் கொரெல்லியின் சொனாட்டாக்களே காட்டும். 1700ஆம் ஆண்டுப் பதிப்பில் மெதுவான பகுதிகள் வெறும் எலும்புக்கூடாகவே அச்சாகியுள்ளன. 1710இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த பதிப்பு, கொரெல்லி வாசித்தவாறே அமைந்த அணிகள் என்று கூறி விரிவான அணிகளைச் சேர்த்துத் தந்தது. சுரக்குறிப்பு மட்டும் இசையாகாது என்பதைக் கமக மரபில் வளர்ந்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1903இல் பதிவான ஓர் இசைத்தட்டு இதனை மேலும் தெளிவாக்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வயலின் கலைஞராகிய யோவாகிம் தம் எழுபத்திரண்டாம் அகவையில் பாக்கின் இரு பகுதிகளை வாசித்துப் பதிவுசெய்தார். அதில் விரல் நடுக்கம் மிகக் குறைவு. அவர் மறைந்தது 1907இல். அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே தொடர்ச்சியான விரல் நடுக்கம் மேலைநாட்டு வாசிப்பின் பொது இயல்பாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குள் இத்துணை மாற்றம் நிகழுமாயின், முந்நூறு ஆண்டு இடைவெளியை ஊகத்தால் நிரப்புவதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது தெளிவு. யோவாகிமின் தட்டு சான்று. குயிக்கனின் தட்டு சான்றுகளின்மேல் எழுப்பப்பட்ட விளக்கம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே நாம் பெறும் முதற்பாடம்.

தமிழகத்திற்கு வந்த வயலின்

தென்னிந்திய இசையில் வயலின் நுழைந்த வரலாற்றுக்கு அடிப்படையாக விளங்குவது, சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டுகள் வயலின் பயின்றார் என்பது அந்நூல்வழி நாம் அறியும் செய்தி. சுப்பராம தீட்சிதர் பாலுசுவாமியின் மகள்வழிப் பெயரர்; அவரால் மகனாக ஏற்கப்பட்டவர். ஆகவே இது குடும்பத்துக்குள் காக்கப்பட்ட நினைவு. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் அச்சேறியது. நெருக்கம் அதன் வலிமை. காலத்தொலைவு அதன் வரம்பு.

இரண்டாவதாகக் குறிக்கத்தக்கவர் தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலு. அவர் கிறித்துவச் சமயப் பணியாளர் சுவார்ட்சிடம் வயலின் கற்றார் என்றொரு செய்தி வழங்குகிறது. சுவார்ட்ஸ் தஞ்சையில் மறைந்தது 1798இல். வடிவேலு பிறந்தது 1810இல். எனவே அச்செய்தி ஏற்கத்தக்கதன்று. சுவார்ட்சின் மாணவராகிய இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798-1832) தம் அவையில் மேலைநாட்டு இசையைப் பேணினார். அவ்வவைச் சூழலே பிற்காலத்தில் ஒரு தனிமனிதரின் பெயரில் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கலாம் என்பது நம் கருத்து. வடிவேலுவின் வயலின் புலமையைப் போற்றிச் சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் அவருக்கு யானைத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

மாணவரிடையே வழங்கும் மற்றொரு கருத்து, இராவணன் வயலினைக் கண்டான் என்பதாகும். வில்லால் இழைக்கும் நாட்டுப்புறக் கருவிகள் ஆசியாவில் தொன்மையானவை என்பது உண்மை. எனினும் பாலுசுவாமியும் வடிவேலுவும் கையாண்டது நான்கு தந்திகொண்ட ஐரோப்பிய வயலினே. அதனை ஏற்றுத் தம் இசைக்கு ஏற்ப மாற்றியமைத்ததே தமிழரின் ஆக்கத்திறனுக்குப் போதிய சான்று; தொன்மக்கதை அதற்குத் துணைவர வேண்டியதில்லை.

பிடிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும்

கர்நாடக இசைக் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் சுருள்முனையை வலக்காலின் கணுக்காற் பகுதியில் ஊன்றி, அடிப்பகுதியை மார்பிலோ இடத்தோளிலோ சாய்த்து வாசிக்கிறார். முகவாய் கருவியைத் தாங்குவதில்லை. 1751இல் ஜெமினியானி எழுதிய வயலின் பயிற்சி நூலும், கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே கருவியைச் சாய்க்கும்படி பணிக்கிறது. இவ்வொற்றுமையைக் கண்டு, ஐரோப்பா இழந்த பரோக் முறையைத் தமிழகம் காத்து வந்தது என முடிவுகட்டத் தோன்றும்.

இம்முடிவு பாதியளவே பொருந்தும். பாலுசுவாமி பயின்ற காலம் முகவாய்க்கட்டை தோன்றுவதற்கு முற்பட்டது. ஆகவே தமிழகம் முதலில் ஏற்ற வயலின், இன்றைய மேலை இசைக்குழுவில் உள்ள கருவியைவிடக் குயிக்கனின் கைக்கருவிக்கு நெருக்கமானது எனலாம். ஆயின் பயன் நோக்கில் இரு முறைகளும் வேறானவை. பரோக் கலைஞரின் இடக்கை தந்தியை அழுத்துவதுடன் கருவியையும் தாங்குவதில் பங்கேற்றது. அதனால் கையை மேலும் கீழும் நகர்த்துவதில் கட்டுப்பாடு இருந்தது. தமிழகத்தில் அச்சுமை காலுக்கு மாற்றப்பட்டது. விடுபட்ட இடக்கை தந்தியின் நீளம் முழுவதும் வழுக்கிச் சென்று கமகங்களைத் தோற்றுவித்தது. இது பழைய முறையின் எச்சமன்று. வீணை வாசிப்போரைப்போல் அமர்ந்து பாடும் மரபினர், தம் இசையின் தேவையை ஒட்டிக் கண்ட புதிய தீர்வு.

சுருதி சேர்க்கும் முறையிலும் இதுவே நிகழ்ந்தது. மேலைநாட்டு வயலினின் நான்கு தந்திகளும் அடுத்தடுத்து ஐந்தாம் சுர இடைவெளியில் அமைந்தவை. நம்மவர் அதனை ச-ப-ச-ப என மாற்றி, நிலைச் சுரங்கள் இரண்டும் இரு தாயிகளிலும் திறந்த தந்திகளில் ஒலிக்கச் செய்தனர். பரோக் இசையிலும் சுருதி மாற்றி வாசிக்கும் வழக்கம் இருந்தது. 1676ஆம் ஆண்டளவில் பீபர் இயற்றிய செபமாலைச் சொனாட்டாக்கள் பதினைந்தில், முதலாவது மட்டுமே வழக்கமான சுருதியில் உள்ளது. ஏனையவற்றுக்கு வெவ்வேறு சுருதியமைப்புகள் விதிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் சொனாட்டாவின் தந்திகள் ஏ-ஈ-ஏ-ஈ என அமைகின்றன. ஏ என்பதை ஆதாரச் சட்சமாகக் கொண்டால், அது அப்படியே ச-ப-ச-ப ஆகும்.

பீபரின் அப்படைப்பு கையெழுத்துப்படியாக மியூனிக் நூலகத்தில் இருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. ஆதலின் இங்குக் கடன்பெறல் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே கருவி, ஒரே சுரத்தை நிலைக்களமாகக் கொண்டு ஒலிக்க வேண்டியபோது, இரு மரபினரும் தனித்தனியே ஒரே விடையை அடைந்துள்ளனர். கருவிக்கென ஓர் இயல்பு உண்டு. அதன் வரலாறு ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதன்று.

இசைத்தட்டுகள் தரும் சான்று

பரோக் இசைக்கு வாய்க்காத பேறு ஒன்று நம் இசைக்கு வாய்த்தது. அதன் பழைய தலைமுறையினர் சிலரின் வாசிப்பு நேரடியாகவே பதிவாகியுள்ளது. கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவிலும், 1903 மே மாதத்தில் ஜொகூர் நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரிலும் ஒலிப்பதிவு செய்தார். யோவாகிமின் வாசிப்பைப் பதிவுசெய்ததும் அதே ஆண்டில் அதே நிறுவனமே. தொடர்ந்த ஆண்டுகளில் தென்னிந்திய இசையும் தட்டேறியது. துவாரம் வேங்கடசுவாமி நாயுடு (1893-1964), மைசூர் சௌடையா (1895-1967) ஆகியோரின் வாசிப்பை இன்றும் நாம் கேட்க முடிகிறது.

இத்தட்டுகளையும் சான்றாய்வின்றி ஏற்றல் ஆகாது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இராக ஆலாபனையின் விரிவு அதில் இடம்பெறாது. 1925க்கு முன் ஒலிவாங்கி இல்லாமையால் கலைஞர் ஊதுகுழல் போன்ற வாயை நோக்கி உரக்க வாசிக்க நேர்ந்தது. தட்டுச் சுழலும் வேகமும் சீராக இல்லை; வேகம் மாறினால் சுருதியும் மாறும். மேலை இசையில் சுருதி ஓரளவு நிலையானதாதலின் வேகத்தைத் திருத்திக் கொள்ளலாம். பாடகரின் குரலை ஒட்டிச் சுருதி மாறும் நம் மரபில் அத்தகைய அளவுகோல் இல்லை. எனவே தட்டைக்கொண்டு அக்காலச் சுருதியைக் கணிப்போர் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும்.

சௌடையாவின் ஏழு தந்தி வயலினும் இங்குக் கருதத்தக்கது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெரிய அவைகளில் ஒலி எட்ட வேண்டும் என்ற தேவையே அதற்கு வித்திட்டது. ஒலிபெருக்கி வந்தபின் அத்தேவை நீங்கியது; கருவியும் அருகியது. நூறாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வயலினின் கழுத்தை மாற்றியதும் இதே தேவைதான்.

யாழ்நூலின் முன்மாதிரி

மறைந்த கருவியை மீட்டெடுக்கும் முயற்சி தமிழுலகிற்குப் புதிதன்று. விபுலாநந்த அடிகள் (1892-1947) சங்க இலக்கியத்தையும் சிலப்பதிகாரத்தையும் உரைகளையும் ஆராய்ந்து, கணக்கியல் அடிப்படையில் பழந்தமிழ் யாழ்களின் அமைப்பை வரையறுத்தார். அவரது யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, அவர் வகுத்தவாறு செய்யப்பட்ட யாழ் இசைக்கப்பட்டது. அதில் பங்கேற்ற க.பொ. சிவானந்தம் தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். வயலினைத் தமிழாக்கிய குடியின் வழித்தோன்றலே யாழின் ஒலியை மீட்கவும் துணைநின்றார்.

நரம்பு என்ற சொல் யாழின் தந்தியையும் சுரத்தையும் ஒருசேரக் குறித்த மொழி தமிழ். கம்பி என்பது பின்வந்த உலோகத் தந்திக்குரிய சொல். ஒலிமாற்றத்தின் சுவடு சொல்லிலும் பதிந்திருப்பதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகளை நாம் எய்துகிறோம். காலக் கருவி ஒலிப்பதிவுகள் கடந்த காலத்தின் ஒலியல்ல. அதனைப் பற்றிய ஆராய்ந்த கருத்துகள். தமிழர் வயலின் மரபு பரோக் மரபின் எச்சமன்று. ஒரே கருவியைக் கொண்டு தனித்து விடைகண்ட மரபு. பழைய இசைத்தட்டுகள், குறைபாடுகள் இருப்பினும், எவ்வகை மீட்டுருவாக்கத்தாலும் ஈடுசெய்ய இயலாத முதன்மைச் சான்றுகள்.

இம்மூன்றாம் முடிவு மலேசியத் தமிழரை நேரடியாகச் சார்ந்தது. ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா போன்ற வீடமைப்புப் பகுதிகளில், தேர்வுக்காக நின்றுகொண்டு கொரெல்லியை வாசிக்கும் பிள்ளையும், தரையில் அமர்ந்து வர்ணம் வாசிக்கும் பிள்ளையும் அண்டை வீட்டாராய் வாழ இயலும். தோட்டங்கள் குறைந்து குடும்பங்கள் இத்தகைய பகுதிகளுக்குப் பெயர்ந்தபோது, இசைத்தட்டுகளும் அவற்றைப் பற்றிய நினைவுகளும் எளிதில் தவறிப்போகும் பொருள்களாயின. ஒரு தட்டு உடைந்தால் அதன் படி வேறெங்கேனும் இருக்கக்கூடும். அதனை இந்நாட்டில் யார், எங்கே, எந்நிகழ்ச்சியில் கேட்டார் என்ற செய்திக்குப் படி இல்லை. தமிழாசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு, வீட்டில் எஞ்சியுள்ள தட்டுகளின் பெயர்முகப்பைப் படியெடுத்து, மூத்தோர் கூறும் செய்திகளையும் எழுதி வைப்பின், அதுவே நாளைய ஆய்வாளர்க்கு மூலச் சான்றாகும். ஐரோப்பியர் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஊகித்தறிய முயல்வதை, நாம் இன்று கேட்டே அறியலாம். அவ்வாய்ப்பு மூத்தோர் வாழும் காலம் வரையிலேயே நமக்கு உண்டு.