வாளலகின் முத்திரையும் வளைவும்

வாள்வீச்சு விளையாட்டில் புழங்கும் ஃபாயில், எப்பே, சேபர் ஆகிய மூன்று வாள்களிலும் சீக்கிரம் வீணாகும் உறுப்பு அலகு. கைப்பிடியும் கைக்காப்பும் குமிழும் பல ஆண்டுகள் உழைக்கும். அலகோ ஒவ்வொரு குத்திலும் வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் ஒடிந்தே தீரும். அதனால்தான் வாள்வீச்சு பயிலும் கூடங்களில் மலிவான அலகுகளுக்கு என்றுமே தேவை குறைந்ததில்லை. அவற்றில் எதை நம்பி வாங்குவது என்ற கேள்வியும் வாள் தொழில் அளவுக்கே பழையது. விற்றவர்கள் முத்திரையைக் காட்டினார்கள். விவரம் தெரிந்தவர்கள் வளைத்துப் பார்த்தார்கள்.

முத்திரையை நம்பி ஏமாந்த கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில், குறிப்பாக வடபகுதியில், ‘உல்ஃப்பெர்ட்’ என்ற பெயர் பதித்த வாள்கள் பரவியிருந்தன. பெயரின் தொடக்கத்தில் ஒரு சிலுவைக் குறி, முடிவை ஒட்டி இன்னொன்று. லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த உலோகவியல் ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ் இவற்றின் உலோகத்தை ஆராய்ந்தார். இரண்டாவது சிலுவை கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் வாள்களில் பலவும் கரி மிகுந்த உயர்ந்த எஃகு. அது கடைசி எழுத்தையும் தாண்டி நிற்கும் வாள்கள் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்தவை. எழுத்தறியாத வீரனின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். வேறுபாடு புரிய அவனுக்குப் போர்க்களம் வரை போக வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் இந்தப் போலி வாணிகம் பெருந்தொழிலாகவே வளர்ந்தது. ஜெர்மனியில் டான்யூப் கரையிலுள்ள பாசாவ் நகரத்துக் கொல்லர்கள் ஓடும் ஓநாயின் உருவத்தை அலகில் பொறித்தார்கள். அந்த ஓநாய்க்கு மதிப்புக் கூடியதும், வூப்பர் ஆற்றை ஒட்டிய சோலிங்கன் நகரத்துக் கொல்லர்களும் அதையே பொறிக்கத் தொடங்கினார்கள். ஸ்பெயினின் டொலீடோ வாள்களுக்குப் பெயர் வந்தபோது, அந்நகரக் கொல்லர்களின் பெயர்கள் எழுத்துப் பிழைகளோடு ஜெர்மன் அலகுகளில் ஏறின. வட இத்தாலியின் பெல்லூனோவில் 16ஆம் நூற்றாண்டில் தொழில் செய்த ஆந்த்ரேயா ஃபெராரா என்ற கொல்லரின் பெயர், அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகும் ஸ்காட்லாந்து வாள்களில் விதவிதமான எழுத்துக்கூட்டலில் வந்துகொண்டே இருந்தது. அந்த அலகுகளில் பெரும்பாலானவை ஜெர்மனியில் அடிக்கப்பட்டவை.

இதைக் கொண்டு சோலிங்கனை ஏமாற்றுக்காரர்களின் ஊர் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. அங்கே அடிப்பவர்களுக்கு ஒரு சங்கம், தோய்ச்சல் போட்டுச் சாணை பிடிப்பவர்களுக்கு ஒன்று, பிடி பொருத்தி வாளை முடிப்பவர்களுக்கு ஒன்று எனத் தொழில் நுணுக்கமாகப் பிரிந்திருந்தது. ஒருவர் செய்ததன் குறையை அடுத்தவர் கண்டுபிடித்துவிடும் அமைப்பு அது. கடன் வாங்கிய பெயர்களோடு போன அலகுகளிலும் நல்லவை ஏராளம். நாளடைவில் சோலிங்கன் என்ற பெயரே பிறர் திருடும் முத்திரையானது. அந்தப் பெயரைக் காக்க ஜெர்மனி 1938இல் தனிச் சட்டமே இயற்றியது. தொழில் இரகசியத்தோடு வெளியேறிய சோலிங்கன் குடும்பங்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஷாட்லி பிரிட்ஜில் குடியேறின. 1730இல் பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயி, அல்சேஸ் பகுதியின் கிளிங்கன்தாலில் சோலிங்கன் கைவினைஞர்களைக் கொண்டே அரசு வாள் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்.

ஃபாயில் என்ற பயிற்சி வாள் உருப்பெற்றதும் பிரான்சில்தான். எடை குறைந்த, நாற்பட்டையான, கூர் இல்லாத அலகு. எதிராளியின் மார்பில் பட்டால் வில்லாக வளைய வேண்டும், எடுத்தவுடன் நேராக வேண்டும். போர் வாளில் வெட்டும் விளிம்புக்குப் போன கவனம் முழுதும் இதில் வளைவுக்குப் போனது. கிளிங்கன்தாலில் கூலோ நிறுவனம் அடித்த ஃபாயில் அலகுகளும் சோலிங்கன் அலகுகளும் 19ஆம் நூற்றாண்டின் பயிற்சிக் கூடங்களில் சாதாரணமாகப் புழங்கின. பழைய அலகுகளின் அடிப்பகுதியில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 5 என்ற எண் இருப்பதைப் பார்க்கலாம். அது தரத்தைக் குறிப்பதல்ல. சுமார் 90 செ.மீ. நீளமுள்ள பெரியவர்களுக்கான அளவு என்பதே அதன் பொருள். சிறுவர்களுக்கான குட்டை அலகுகளுக்குச் சிறிய எண்கள். இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

முத்திரையை ஒதுக்கிவிட்டு அலகையே பேச வைத்த ஒரு சோதனை 1786இல் நடந்தது. ஆங்கிலேய அலகுகள் ஜெர்மன் அலகுகளுக்கு ஈடாகாது என்று லண்டன் வணிகர்கள் அப்போது சொல்லிவந்தார்கள். பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் கில் அதை ஏற்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குதிரைப்படைக்காக 10,000 வாள்கள் தேவைப்பட்டபோது அவருக்கு வாய்ப்பு வந்தது. ஆங்கிலேயர், ஜெர்மானியர் இரு தரப்புக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. வந்த ஒவ்வொரு அலகும் மேத்யூ போல்டன் பரிந்துரைத்த பொறியில் ஏறியது. 36 அங்குல அலகை நுனியிலிருந்து பிடிவரை அழுத்தி, இடைத்தூரம் 29½ அங்குலமாகச் சுருங்கும் அளவுக்கு அந்தப் பொறி வளைக்கும். ஒடிந்தாலும் தள்ளுபடி, வளைந்தபடியே நின்றாலும் தள்ளுபடி. கில் கொடுத்த 2,650 அலகுகளில் 4 மட்டுமே தோற்றன. ஜெர்மன் அலகுகள் 1,400இல் 28 தோற்றன. மற்ற ஆங்கிலேயர் கொடுத்த 2,700இல் 1,084 தோற்றன.

நூற்றுக்கு நாற்பது பழுது. பொறி இல்லாதிருந்தால் அத்தனையும் இந்தியாவுக்குக் கப்பலேறி, அங்கே குதிரைமேல் இருந்தவனின் கையில் ஒடிந்திருக்கும். கில் அத்தோடு நிற்கவில்லை. தம் அலகுகளைத் தட்டையாக வார்ப்பிரும்புக் கட்டியில் அறைந்தும், விளிம்பால் தேனிரும்பு உருளையை வெட்டியும் காட்டினார். உத்தரவாதம் அளிக்கும் சொற்களை அலகிலேயே பொறித்து விற்றார். சில ஆண்டுகளுக்குள் அந்த உத்தரவாதச் சொல்லையும் மற்றவர்கள் தங்கள் அலகுகளில் பொறித்துக்கொண்டார்கள். 1844இல் லண்டனின் ஹென்றி வில்கின்சன் சோதனைப் பொறி ஒன்றை அமைத்து, தேறிய அலகில் பித்தளை வில்லை பதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். எழுத்தைவிட வில்லையைப் போலி செய்வது கொஞ்சம் கடினம்.

வளைத்துப் பார்ப்பது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் இன்றும் குழப்பம் இருக்கிறது. ஓர் அலகு விறைப்பாக இருப்பதும் துவள்வதும் எஃகின் தரத்தால் அமைவதில்லை. மலிவான கரி எஃகும் விலையுயர்ந்த கலப்பெஃகும் ஒரே கனத்தில் இருந்தால் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். விறைப்பைத் தீர்மானிப்பது அலகின் வடிவமும் அது நுனியை நோக்கி எப்படிச் சிறுக்கிறது என்பதும். எஃகின் தரமும் தோய்ச்சலும் தெரிவது நிமிரும்போது. தோய்ச்சல் போதாத அலகு வளைந்த கோணத்திலேயே தங்கிவிடும். அளவு மீறிக் கடினமானது முன்னறிவிப்பின்றி ஒடியும். சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.இ.யின் விதிகள் வளைவுக்கு எல்லை கட்டுகின்றன. அலகை நுனியிலிருந்து 70 செ.மீ. தள்ளிக் கிடைமட்டமாகப் பிணைத்து, நுனியருகே 200 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். ஃபாயிலின் நுனி 5.5 செ.மீ. முதல் 9.5 செ.மீ. வரையிலும், எப்பேயின் நுனி 4.5 செ.மீ. முதல் 7 செ.மீ. வரையிலும் தாழலாம். இது எதிராளி மேல் படும் குத்தின் கடுமையைக் கட்டுப்படுத்தும் விதி. அலகு எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

அந்தப் போதாமை 1982 ஜூலையில் ரோம் உலகச் சாம்பியன் போட்டியில் உயிரைக் குடித்தது. மாஸ்கோ ஒலிம்பிக் ஃபாயில் தங்கப்பதக்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமீர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேரும் மோதியபோது பேரின் அலகு ஒடிந்தது. ஒடிந்த முனை ஸ்மிர்னோவின் முகக்கவசத்தைத் துளைத்துக் கண் வழியே மூளைக்குள் இறங்கியது. சில நாள்களில் அவர் இறந்தார். பேர் மீது குற்றம் எதுவும் இல்லை. அலகின் எஃகையும் கவசத்தின் வலிமையையும் பற்றி அதுவரை இருந்த அலட்சியம்தான் பழிக்குரியது. கவசங்களும் உடைகளும் வலுப்படுத்தப்பட்டன. ஃபாயிலுக்கும் எப்பேக்கும் மாரேஜிங் எஃகு என்ற கலப்பெஃகு உயர்மட்டப் போட்டிகளில் கட்டாயமானது.

மாரேஜிங் எஃகில் கரி மிகமிகக் குறைவு. சுமார் 18 விழுக்காடு நிக்கலும், கூடவே கோபால்ட், மாலிப்டினம், டைட்டானியமும் சேரும். சுமார் 480 பாகை செல்சியஸில் மணிக்கணக்கில் சூடுபடுத்தும்போது உள்ளே படியும் நுண்துகள்களால் அது வலுவேறும். விண்கலங்களுக்கும் விமானங்களுக்கும் பயன்படும் பொருள் என்பதால் விலையும் அதற்கேற்றபடி இருக்கும். இந்த எஃகு மழுங்கலாக, தட்டையாக ஒடியும், அதனால் ஆளைக் குத்தாது என்று பல கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு, ஆபத்தான தவறும்கூட. ஒடிந்த மாரேஜிங் அலகின் முனையும் கரி எஃகு அலகின் முனையும் ஒரே மாதிரி கூராகத்தான் இருக்கும். வித்தியாசம் அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. கரி எஃகில் ஒரு நுண்விரிசல் தோன்றினால் விரைந்து வளர்ந்துவிடும். மாரேஜிங் எஃகில் அதன் வேகம் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். அதனால் ஒடிவது அரிதாகிறது. ஒடிந்துவிட்டால் ஆபத்து ஒன்றுதான்.

மலிவான அலகு என்று இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கரி கலந்த வில் எஃகு. மாரேஜிங் அலகின் விலை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பயிற்சிக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கும் வில் எஃகு போதும், அதை ஆராய்ந்து வாங்கினால். எஃப்.ஐ.இ. அங்கீகாரம் பெற்ற அலகின் அடியில் கூட்டமைப்பின் குறியோடு தயாரிப்பாளர் முத்திரையும் செய்த மாதமும் ஆண்டும் உலோகத்திலேயே அழுந்தப் பதிந்திருக்கும். மேலே ஒட்டிய தாளையோ பூச்சு எழுத்தையோ சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முத்திரை இல்லாத அலகைக் கண்ணோடு நேராகப் பிடித்துப் பார்த்தால் பட்டைகள் அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காகச் சிறுத்துப் போகின்றனவா என்பது தெரியும். சாணை தவறிய இடம் அலைபோல் நெளியும். நுனியைச் சுவரில் ஊன்றி மெல்ல வளைத்தால் நல்ல ஃபாயிலின் வளைவு நுனியை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில் சீராக எழும். ஒரே புள்ளியில் முறுக்கிக்கொண்டு மடிந்தால் அங்கே தோய்ச்சல் சரியில்லை. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

ஃபாயில் போட்டிகளில் மின்கருவி 1955இல் வந்ததிலிருந்து அலகின் முதுகில் கம்பி ஓடும் பள்ளம் ஒன்றும் சேர்ந்தது. மலிவான அலகுகளில் முதலில் குறை தெரிவது இங்கேதான். பள்ளம் ஆழம் குறைந்து கரடாக இருந்தால் கம்பி மேலெழும்பி எதிராளியின் அலகில் உரசி அறுந்துபோகும். கைப்பிடிக்குள் போகும் காம்பின் மரைகளையும் குமிழை ஏற்றிப் பார்ப்பது நல்லது.

இந்தியாவில் இந்த விலைக் கணக்கு ஆட்டத்தையே தீர்மானித்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சேபர் பிரிவில் களமிறங்கி, ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியரான சென்னையின் பவானி தேவி, தொடக்க காலத்தில் மூங்கில் கழிகளைக் கொண்டு பயின்றதையும் வாளைப் போட்டிகளுக்கென்று காத்து வைத்ததையும் சொல்லியிருக்கிறார். காசு குறைவாக உள்ள கூடத்தில் ஓர் அலகை எப்போது கழிப்பது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அலகோடு அலகு மோதி எழும் சிறு பிசிறுகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கலாம். விட்டுவைத்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். துரு பிடித்துக் குழி விழுந்த இடமும் அப்படியே. மாரேஜிங் எஃகும் துருப்பிடிக்கும் என்பதால் வியர்வையோடு உறைக்குள் போடக் கூடாது. ஒரே திசையில் லேசாக வளைந்து நின்ற அலகைக் காலடியில் வைத்து இழுத்து நேராக்கலாம். இரண்டு திசைகளில் நெளிந்துவிட்டதையும், குறுக்கே நகம் மாட்டும் கீறல் உள்ளதையும் அன்றே கழற்றி எடுத்துவிட வேண்டும்.