வெர்தரின் சவப்பெட்டியும் பாப்பகேனோவின் மணிகளும்



ஜேர்மனியில் உயர்வகுப்பில் கற்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், பாடசாலைப் பைக்குள் மஞ்சள் அட்டையிட்ட ரெக்லாம் பதிப்புச் சிறுநூலொன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். பல வகுப்புகளில் அது கேத்தே எழுதிய 'இளம் வெர்தரின் துயரங்கள்'. இளைஞன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் கதையைப் பாடசாலையே வாசிக்கச் சொல்கிறதே, இது தகுமா என்று பெற்றோர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. அதே பிள்ளைகள் கைப்பேசியில் தாமாகப் பார்க்கும் தொடர்களைப் பற்றியும் அவர்கள் அஞ்சுகின்றனர். 'ஆம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் விடை கூற எனக்கு இயலவில்லை. இத்தகைய கதைகளுக்கு ஏறத்தாழ 250 ஆண்டு வரலாறு உண்டு. அதனைச் சற்றே விரிவாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தொடங்குமுன் இரு குறிப்புகள். 'தற்கொலை' என்னும் சொல்லில் 'கொலை' ஒளிந்திருக்கிறது. ஜேர்மன் மொழியின் பழைய சொல்லிலும் அவ்வாறே. ஆதலால் இயன்றவரை 'உயிர்மாய்ப்பு' என்றே எழுதுகிறேன். அடுத்தது, எந்தக் கதையிலும் மரணம் நிகழ்ந்த விதத்தை நான் குறிப்பிடப் போவதில்லை. அதன் காரணம் கீழே வரும்.

1772ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெட்ஸ்லார் நகரில் கார்ல் வில்ஹெல்ம் யெரூசலேம் என்னும் 25 வயது இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தந்தை பிரவுண்ஷ்வைக்கில் வாழ்ந்த புகழ்பெற்ற புரட்டஸ்தாந்து இறையியலாளர். இறந்தவரை அறிந்திருந்த கேத்தே, அம்மரணத்தைக் குறித்து நண்பர் கெஸ்ட்னர் எழுதியனுப்பிய விரிவான கடிதத்தைத் தன் காதல் ஏமாற்றத்தோடு இணைத்து 1774இல் நாவலாக்கினார். (கேத்தே காதலித்த பெண் அதே கெஸ்ட்னருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர்!) நூல் ஐரோப்பா எங்கும் பரவிற்று. இளைஞர் வெர்தரைப் போலவே நீல மேலங்கியும் மஞ்சள் உட்சட்டையும் அணிந்து உலாவினர். 1775இல் லைப்சிக் நகர ஆட்சியினர் நூலையும் அவ்வுடையையும் சேர்த்தே தடைசெய்தனர். வெர்தரைப் பின்பற்றி எத்தனை பேர் இறந்தனர் என்பதில் அக்காலத்து வதந்திகள் மிகுதி. எனினும் கேத்தேயே கவலையுற்றார் என்பதற்குச் சான்று உண்டு: 1775இல் வந்த மறுபதிப்பில், என் வழியே வராதே என்ற பொருள்பட வெர்தரே வாசகனை எச்சரிக்கும் வரிகளைச் சேர்த்தார். நிக்கொலாய் என்ற பேர்லின் எழுத்தாளர் அதே ஆண்டில், வெர்தர் உயிர்தப்பித் தன் காதலியை மணந்து வாழ்வதாக வேறொரு முடிவு எழுதி வெளியிட்டார். கேத்தே அதனைக் கண்டு கடும் சினம் கொண்டார். இலக்கிய நயத்தில் கேத்தேக்கு அருகிலும் அந்நூல் நெருங்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் நிக்கொலாயின் உள்ளுணர்வை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

அந்நாவல் முடியும் இடத்தைச் சற்று கவனியுங்கள். கைவினைத் தொழிலாளர் சவப்பெட்டியைச் சுமந்து செல்கின்றனர். குருவானவர் ஒருவரும் உடன் செல்லவில்லை. அத்துடன் கதை நின்றுவிடுகிறது. அது கற்பனையன்று, கெஸ்ட்னரின் கடிதத்திலேயே இருந்த செய்தி. இறையியலாளர் ஒருவரின் மகனுக்கு வழித்துணையாக ஒரு போதகர்கூட வரவில்லை.

குருவாகிய என்னால் அந்த இடத்தை எளிதில் கடந்துபோக முடிவதில்லை. எமது கத்தோலிக்கத் திருச்சபையும் நெடுங்காலம் அவ்வாறே நடந்துகொண்டது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், திட்டமிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இன் புதிய சட்டத்தில் அந்த விலக்கு இடம்பெறவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கடும் உளப் பாதிப்பும் பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இவ்வாறு இறந்தோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. உங்களுள் மூத்தோர் பலர் பழைய சட்டத்தின் காலத்தில் வளர்ந்தவர்கள். இத்தகைய சாவு நிகழ்ந்த வீட்டில் இன்றும் சிலர் குரலைத் தாழ்த்திப் பேசுவதும், இரங்கல் அறிவித்தலில் 'திடீர் மறைவு' என்று எழுதுவதும் அக்காலத்தின் எச்சமே.

வெர்தர் வளர்ந்த இளைஞன். பாடசாலை மாணவன் கதைக்குள் வருவது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் பின்னர். ஃபிராங்க் வேடெகிண்ட் 1891இல் வெளியிட்ட 'இளவேனிலின் விழிப்பு' என்னும் நாடகத்தில் மோரிட்ஸ் என்னும் சிறுவன் வகுப்பேற்றம் கிடைக்காது என்று நடுங்குகிறான். வீட்டை விட்டு அமெரிக்காவுக்கு ஓட நண்பனின் தாயிடம் பண உதவி கேட்டுக் கடிதம் எழுதுகிறான். தன் உயிரைக் குறித்தும் மறைமுகமாக உணர்த்துகிறான். அவர் அன்பும் அறிவும் நிறைந்த பெண்மணி. அழகான பதில் ஒன்றை எழுதுகிறார். பணம் தர மறுத்து, அந்த மறைமுகக் குறிப்பைப் பெரிதாக எடுக்காமல், நல்ல அறிவுரைகளால் தாளை நிரப்புகிறார். அந்த நாடகத்தில் என்னை மிகவும் வருத்துவது அக்கடிதமே. கொடியவர் எவரும் அதனை எழுதவில்லை. சிறுவன் இறந்தபின் ஆசிரியர் கூடிச் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வாதிடுகின்றனர். கல்லறையருகே போதகர் இறந்தவனைக் கண்டித்துப் பிரசங்கிக்கிறார். தந்தையோ அவன் தன் மகனே அல்லன் என்கிறார். இந்நாடகம் 1906இல்தான் பேர்லினில் முதன்முறையாக மேடையேறிற்று.

அதே 1906இல் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சக்கரத்தின் கீழ்' நூலாக வந்தது. எம்மவர் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய நாவல் இது என்பேன். ஹான்ஸ் கீபன்ராத் சிற்றூர் ஒன்றின் கெட்டிக்கார மாணவன். மாநிலத் தேர்வில் இரண்டாம் இடம் பெறுகிறான். தந்தை, தலைமையாசிரியர், போதகர் ஆகிய அனைவரும் அவன் விடுமுறையைக்கூடப் பாடங்களால் நிரப்புகின்றனர். மீன்பிடிப்பும் முயல் வளர்ப்பும் பறிபோகின்றன. மவுல்புறொன் மடத்துப் பள்ளியில் அவனுக்குத் தலைவலி தொடங்குகிறது, நண்பன் விலக்கப்படுகிறான், மதிப்பெண் சரிகிறது, வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். இறுதியில் ஆற்றில் அவன் உடல் கிடைக்கிறது. விபத்தா வேறா என்று ஹெஸ்ஸே சொல்வதில்லை. கல்லறையில் செருப்புத் தைக்கும் ஃபிளைக் என்பவர் மட்டும் ஆசிரியர்களைச் சுட்டிக்காட்டி, இவர்களும் இதற்கு உதவினார்கள் என்ற கருத்தில் ஒரு சொல் சொல்கிறார். இதில் தனிப்பட்ட பகைவன் எவனும் இல்லை. எல்லோரும் அவனுடைய நன்மைக்காகவே உழைத்தனர். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, அதன்பின் வயலின், அதன்பின் நடனம், ஞாயிறு மாலை கணிதத் தனிவகுப்பு என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தந்தையரே, தாய்மாரே, ஹான்ஸின் விடுமுறையைப் பற்றிய அத்தியாயத்தை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள்.

ஹெஸ்ஸே இதனைத் தன் வாழ்விலிருந்தே எடுத்தார். 1892இல், 14 வயதில், அதே மவுல்புறொன் பள்ளியிலிருந்து ஓடிப்போனார். சில மாதங்களில் தன் உயிரை மாய்க்கவும் முயன்று தப்பினார். இவ்விடத்தில் எமக்கு ஓர் உறவு இருக்கிறது. அவருடைய தாயின் தந்தை, மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட். தலைச்சேரிக்குச் செல்லுமுன் சென்னையிலும் திருநெல்வேலியிலும் தமிழ் கற்றுப் பணியாற்றிய மறைப்பணியாளர் அவர். ஓடிப்போன பேரன் நடுங்கியவாறு அந்தக் கடுமையான முதியவர் முன் நின்றபோது, அவர் தண்டிக்கவில்லை. மேதைகள் செய்யும் சிறு பயணம் ஒன்றைச் செய்து வந்தாயாமே என்ற பாங்கில் மெல்லிய கேலியோடு வரவேற்றாராம். ஹெஸ்ஸே பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது. அந்தப் பேரன் 85 வயதுவரை வாழ்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

இவ்விரு கதைகளிலும் பிள்ளையை நசுக்குபவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளே பிள்ளையை நசுக்கும் கொடுமையை, உங்கள் மக்கள் இங்கே 'மொபிங்' என்று சொல்வதை, நடுவில் வைத்த நூல்களுள் முதன்மையானது அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் களம் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை. றொபேர்ட் கோர்மியர் 1974இல் வெளியிட்ட 'சொக்லேட் போர்'. கோர்மியர் கத்தோலிக்கர். அவருடைய மகன் தன் பாடசாலையின் சொக்லேட் விற்பனையில் பங்குகொள்ள மறுத்ததே கதையின் விதை. மகனுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. நாவலில் வரும் ஜெறி ரெனோவுக்கு நேர்கிறது. தாயைப் புற்றுநோய்க்கு இழந்த சிறுவன் அவன். பாடசாலையை நடத்தும் துறவறச் சகோதரர் லியோன் 20,000 பெட்டி சொக்லேட்டுகளை வாங்கிவிட்டு, அவற்றை விற்பதற்காக மாணவரின் இரகசியக் கும்பலொன்றின் துணையை நாடுகிறார். மறுத்த ஜெறியை முதலில் எவரும் காணாததுபோல் நடக்கின்றனர், இரவில் தொலைபேசி ஒலித்து ஓய்கிறது, பின்னர் அடி. எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பகிடிவதையை அறிந்த உங்களுக்கு இவ்வொழுங்கு புதிதன்று. கதையில் மீட்பு இல்லை. அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் அந்நூலை அகற்றக் கோரினர். எனக்கோ, அதில் லியோன் கண்ணை மூடிக்கொள்ளும் பக்கங்கள் மிகவும் வேண்டியவை. பணம் சேர்க்கும் அவசரத்தில் எங்கள் போன்ற நிறுவனங்கள் எதனைக் காணாமல் விடுகின்றன என்பதை எந்தச் சுற்றறிக்கையும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

மீண்டும் ஜேர்மனிக்கு வருவோம். 1981இல் இசற்.டி.எஃப். தொலைக்காட்சி 'ஒரு மாணவனின் மரணம்' என்னும் ஆறு பகுதித் தொடரை ஒளிபரப்பியது. ஒரு மாணவனின் சாவைப் பெற்றோர், ஆசிரியர், தோழர் என்று வெவ்வேறு கண்களால் பார்க்கும் தொடர். எச்சரிக்கும் நல்ல நோக்கத்துடனேயே அது எடுக்கப்பட்டது. 1982இல் மறுபடியும் காட்டப்பட்டது. மன்ஹைம் நகர ஆய்வாளர் ஷ்மிட்கே, ஹெஃப்னர் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இரு ஒளிபரப்புகளின் பின்னும் அதே வழியில் நிகழ்ந்த உயிர்மாய்ப்புகள் கூடியதைக் காட்டியது. கதாநாயகனின் வயதையொத்த இளைஞரிடையே கூடுதல் மிகுதி. முதியோரிடம் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. நல்ல நோக்கம் காக்கவில்லை. விதத்தைக் காட்டியது கெடுத்தது. நான் மரணங்களின் விதத்தை எழுதாததற்கு அதுவே காரணம். இவ்வகைத் தொற்றுக்கு 'வெர்தர் விளைவு' என்னும் பெயரை அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974இலேயே இட்டிருந்தார்.

உங்கள் பிள்ளைகள் அறிந்த பெயர் வேறு: ஜே ஆஷர் 2007இல் எழுதிய 'பதின்மூன்று காரணங்கள்'. 2017 மார்ச் இறுதியில் அது நெற்பிளிக்ஸ் தொடராயிற்று. ஹன்னா என்னும் மாணவி இறக்குமுன் பதிவுசெய்த ஒலிநாடாக்கள், அவளை நோகடித்தவர் ஒவ்வொருவரையும் தேடி வருகின்றன. பொய்ப்பேச்சும் இழிவான பட்டியலும் ஒரு பெண்பிள்ளையை எப்படிச் சிறிது சிறிதாகத் தனிமைப்படுத்துகின்றன என்பதை நூல் உண்மையாகவே காட்டுகிறது. குறை வேறிடத்தில். இறந்தபின் அவள் பேச, அனைவரும் கேட்கின்றனர், அழுகின்றனர், அஞ்சுகின்றனர். உயிரோடு இருந்தபோது கிட்டாத செவிகள் சாவினால் கிட்டுகின்றன. துயருற்ற பிள்ளைக்குச் சொல்லக்கூடிய மிக ஆபத்தான பொய் இதுவென நான் கருதுகிறேன். இறந்தவர் அந்த அழுகையைக் காண இங்கே இருப்பதில்லை. பாடசாலை ஆலோசகரிடம் அவள் சென்றும் பயனில்லாமல் திரும்புவதாகக் கதை அமைந்திருப்பது, உதவி நாடுவது வீண் என்றும் கற்பித்துவிடுகிறது. தொடரின் பின் அமெரிக்கச் சிறுவரிடையே இறப்புகள் கூடின என்று ஓர் ஆய்வு கூறியது. அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த வேறொருவர் அம்முடிவை ஏற்கவில்லை. 2019 யூலையில் நிறுவனமே அம்மரணக் காட்சியை நீக்கியது.

ஆகையால், புத்தகத்தைப் பறித்து வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. பறித்ததைப் பிள்ளை வேறெங்காவது தனியே வாசிக்கும். நீங்களும் வாசியுங்கள், தமிழ் மொழிபெயர்ப்போ ஜேர்மன் மூலமோ, இயன்ற அளவு. பின்பு, எந்தப் பக்கத்தில் யார் வந்திருந்தால் இது மாறியிருக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். மோரிட்சின் கடிதம் உங்களுக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்கவும் கூடும்.

இன்னொரு கதையையும் சொல்லவேண்டும். 1791 செப்டெம்பர் 30 அன்று வியன்னாவில் மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' அரங்கேறிற்று. இந்நாடுகளில் சிறுவர்களை முதன்முதலாக அழைத்துச் செல்லும் இசைநாடகம் பெரும்பாலும் அதுவே. பறவை பிடிக்கும் பாப்பகேனோ தன் துணையை இழந்ததாக எண்ணி உயிரை மாய்க்கத் துணிகிறான். அதற்குமுன், யாராவது இரங்கி அழைக்க மாட்டார்களா என்று மூன்றுவரை எண்ணுகிறான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நேரத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுக்கிறான், அரங்கம் சிரிக்கும். எவரும் வருவதில்லை. முடியும் தறுவாயில் மூன்று சிறுவர் வந்து தடுத்து, உன் மணிகளை மறந்தாயா, அவற்றை ஒலித்துப் பார் என்கின்றனர். அம்மணிகள் ஏற்கெனவே அவனிடம் இருந்தவை. 2010இல் வியன்னா ஆய்வாளர் நீடர்குறோட்டன்தாலரும் உடனிருந்தோரும், நெருக்கடியை எதிர்கொண்டு தப்பியவரைப் பற்றிய செய்திகள் வெளியாகும்போது உயிர்மாய்ப்புகள் குறைவதைக் கண்டு, அதற்குப் 'பாப்பகேனோ விளைவு' என்று பெயரிட்டனர்.

உங்கள் பிள்ளை மூன்றுவரை எண்ணும் வேளையில் நீங்கள் வேலைத்தலத்தில் இருக்கலாம். பிள்ளைகளுக்கும் இளையோருக்குமான இலவச எண் 116 111. பெரியவர்களுக்கு, 1956இல் பேர்லினில் தொடங்கி இன்று கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துத் திருச்சபைகள் இணைந்து தாங்கும் தொலைபேசி ஆற்றுப்படுத்தல் இரவும் பகலும் உண்டு: 116 123. பெயர் சொல்ல வேண்டியதில்லை. உயிராபத்து உடனடியாக இருப்பின் 112. இவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். ஞாயிறு திருப்பலியின் பின் அரைமணி நேரம் நான் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பேன்; பிள்ளைகள் பெற்றோரின்றித் தனியே வந்தும் பேசலாம், ஜேர்மன் மொழியிலும் பேசலாம்.