டிஜிட்டல்மயமாக்கமும் நிறுவனங்களின் நிதி முதலீடும் (இலங்கை)

ஒரு நிறுவனம் தன் தொழிலுக்கு வெளியே, திறைசேரி உண்டியல், நிலையான வைப்பு, பிற கம்பனிப் பங்கு ஆகியவற்றில் இடும் பணமே நிதி முதலீடு. இலங்கையில் இதன் தொடக்கம் முழுக்கக் காகிதம். கொழும்பில் 1896இல் பங்குத் தரகர் சங்கம் தோன்றியது முதல் 1991இல் மத்திய வைப்பு முறைமை வரும்வரை, பங்கு என்றால் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் சான்றிதழ்தான். 1997இல் கணினித் திரை வரும்வரை விலையைக் கூவியே விற்றார்கள். 1923ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த திறைசேரி உண்டியலும் 2004இல்தான் பத்திரமற்ற கணக்குப் பதிவாயிற்று. காசோலையின் கதை இன்னும் தெளிவு. கொழும்பு வியாபாரி கொடுத்த காசோலையைக் கிழக்கிலங்கையின் சொறிக்கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக்காரர் கல்முனை வங்கியில் போட்டால், அந்தத் தாள் திரும்பவும் கொழும்புக்கே போய்த் தீர வேண்டும். 2006இல் தாளுக்குப் பதில் அதன் படிமத்தை அனுப்பத் தொடங்கியதும் அலைச்சல் நின்றது.

வழியில் கிடந்த பணம் கைக்கு வந்ததே இம்மாற்றத்தின் சாரம். கணக்கும் இருப்பும் உடனுக்குடன் தெரிந்தால் அவசரத்துக்கென ஒதுக்கும் பணம் குறையும், அது தொழிலுக்கே திரும்பும் என்று வாதிடுவோர் உண்டு. ஒதுக்கம் குறையலாம், ஆனால் விடுபட்ட பணம் எங்கே போகும் என்பதைத் தொழிலுக்கும் நிதி முதலீட்டுக்கும் இடையிலான இலாப வித்தியாசமே தீர்மானிக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அவ்வாண்டிலேயே 91 நாள் உண்டியலின் வருவாய் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வட்டிக்கு ஈடாக எந்த ஆலை உழைத்துக் கொடுக்கும்? கணினி பாதையைச் சுருக்கியது, திசையைக் காட்டியது வட்டி.

வட்டியை விலக்கும் முஸ்லிம் வணிகர் நிறைந்த கல்முனைக் கரை இதற்கு மறுப்பாகத் தோன்றலாம். அங்கே மிஞ்சிய பணம் பெரும்பாலும் நெல்லிலும் காணியிலும் முடங்கியது. ஆனால் அது நிதி முதலீட்டுக்குப் போகாமல் தடுத்தது கணினியின்மை அல்ல, ஹலாலான முதலீட்டுக் கருவியின்மை. 2005இன் வங்கிச் சட்டத் திருத்தம் இலாபப் பங்கீட்டு வைப்புக்கு இடம் தந்தது. 2011இல் இஸ்லாமிய நெறிப்படியான அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. கருவி கிடைத்த பிறகே வேகத்துக்குப் பயன் வந்தது. 2015 முதல் வங்கிகளுக்கிடையே உடனடிப் பணமாற்றமும், 2020 முதல் கைபேசிவழிப் பங்குக் கணக்கும் நடைமுறையில் உள்ளன.